பின்சக்கரத்துத் தேசிக்காய்

கரவனின் சக்கரங்களுக்குத் தேசிக்காய் வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்ததற்குக் காரணம், பிக்கப்பின் நான்கு சக்கரங்களுக்கும் குனிந்து வைத்து முடித்தபோது அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதுதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு சக்கரங்கள், புறப்படும்போது ஏறி நசிக்க இரண்டு எலுமிச்சங்காய்கள். பிழைவிட வழியில்லாத வேலை என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். நான் அவற்றைச் சக்கரங்களின் பின்புறம் வைத்தேன்.

ஏரிக்கரையில் தங்குவதற்காக ஏழு நாள்களுக்கு வாடகைக்கு எடுத்த, வாகனத்தின் பின்னால் கொளுவி இழுக்கும் சக்கர வீடு அது. வாடகைச் சாமானுக்கும் தேசிக்காய் வேணுமோ என்று மாமா கேட்டார். அம்மாவின் தம்பி, மார்க்கம் நகரில் பெரிய வீடு, புதிய வாகனம். "கரவன்தான் வாடகை. உள்ளுக்கு இருக்கிற ஆக்கள் எங்கடை ஆக்கள்தானே" என்று அம்மா சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முடியாத பேச்சு வேறொன்று. கரவனை எந்த வாகனம் இழுப்பது என்று அதற்கு முந்தைய இரண்டு கிழமைகளாகத் தொலைபேசியில் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் பழைய பிக்கப்பில் கியரைக் கையால் மாற்ற வேண்டும். மாமாவுடையது ஓட்டோமற்றிக்.

"அத்தான், நீங்கள் இன்னும் கிளச்சை மிதிச்சுக்கொண்டு நிக்கிறியள். உலகம் மாறிட்டுது."

"தானா ஓடுற வாகனத்துக்குள்ளை நீ ஏன் இருக்கிறாய்? வெளியிலை நிண்டு கையைக் காட்டன்."

அப்பா பிறம்ரன் நகரிலிருந்து லொறி ஓட்டிக்கொண்டிருந்தவர். பாரம் இழுக்கும்போது எந்தக் கியரில் ஏறுவது, எதில் இறங்குவது என்பதை ஓட்டுபவனே தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பாரத்தோடு பின்னுக்கு எடுக்கும்போது கிளச் கருகும், ஓட்டோமற்றிக் மெல்ல ஊர்ந்து போகும் என்பது மாமாவின் கட்சி. இருவர் சொன்னதும் சரிதான் என்று இப்போது தெரிகிறது. அன்று மூப்பு வென்றது. கரவன் பிக்கப்பில் கொளுவப்பட்டது.

மில்லிக்கனில் எங்கள் தெரு இலேசான ஏற்றம். அப்பா கியரைப் போட்டார். பிக்கப் ஒருமுறை குலுங்கியது. முன்னே போக வேண்டியது, ஒரு சாண் பின்னே வந்தது. கரவனின் கீழே இரண்டு தேசிக்காய்களும் நசிந்தன. பின்னால் நின்ற மாமாவின் வாகனத்தை இடிக்கக் கொஞ்சமே மிச்சம்.

மாமா தலையில் கையை வைத்துக்கொண்டு இறங்கினார். "ஐயோ அத்தான்! தேசிக்காயை றிவேர்ஸிலை நசிச்ச முதல் யாழ்ப்பாணத்தான் நீங்கள்தான்!"

அம்மா சிரிக்கவில்லை. அப்பா மெதுவாக இறங்கி வந்தார். பிதுங்கிக் கிடந்த தோலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், வழக்கத்தைவிட ஒரு கணம் கூடுதலாக.

"பின்னுக்கு வைச்சால் பின்னுக்குத்தானே போகும், பிள்ளை."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா வேறு தேசிக்காய்கள் கொண்டுவந்து, இடுப்பு வலியோடு தானே குனிந்து வைத்தார். எனக்கு ஒன்றும் தரப்படவில்லை.

நகரைத் தாண்டும்வரை பெருந்தெருவில் நெரிசல். நிற்பதும் நகர்வதுமாக இரண்டு மணித்தியாலம். பின்னாசனத்தில் சோற்றுப் பானையை அணைத்தபடி அம்மா உறங்கிப்போனார். முன்னால் அப்பாவுக்குப் பக்கத்தில் நான். ஒவ்வொரு முறை கிளச்சை மிதிக்கும்போதும் அவருடைய இடது கை ஸ்ரியறிங்கை விட்டு இறங்கி, இடது முழங்காலை மேலிருந்து அழுத்தியது. காலுக்குக் கை உதவி செய்துகொண்டிருந்தது. நான் பார்ப்பதை அவர் கண்டார்.

"அம்மா நித்திரையோ?"

"ஓம்."

"படுக்கட்டும்."

எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவே. என் தேசிக்காயால்தான் வாகனம் முரண்டுபிடிக்கிறது, அப்பா அதனோடு மல்லுக்கட்டுகிறார் என்று நான் விளங்கிக்கொண்டேன்.

ஏரிக்கரையில் எங்களுக்கு ஒதுக்கிய இடம் இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே இருந்தது. கரவனைப் பின்பக்கமாக நுழைக்க வேண்டும். அப்பா மூன்று தரம் முயன்றார். மூன்று தரமும் கரவன் ஒழுங்காக வளைந்து வந்தது; மரத்துக்குக் கிட்ட வரும்போது பிக்கப் துள்ளி நின்றது. கருகல் மணம் எழுந்தது. பக்கத்து இடங்களில் மடக்குக் கதிரைகளில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

அப்பா இறங்கிக் கரவனைக் கழற்றினார். "தம்பி, உன்ர வாகனத்தைக் கொண்டா."

மாமா வெற்றியோடு வந்து கொளுவினார். ஆனால் கரவனை இடப்பக்கம் திருப்ப ஸ்ரியறிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அப்பா யன்னலோரம் நொண்டி நொண்டி நடந்தபடி சொல்லிக்கொடுத்தார்.

"வலக்கைப் பக்கம் ஒடி. காணும், நேராக்கு. பெற்றோலை மிதியாதை. பிறேக்கிலை மட்டும் காலை வை. அது தானாப் போகும்."

"பாத்தியளே அத்தான்!"

"ஓம்" என்றார் அப்பா. "தானாப் போகுது."

அந்த இலையுதிர்காலத்தில் அவர் ஓட்டோமற்றிக் லொறிக்கு மாறினார். லொறி யார்டில் இப்போது அதுதான் தருகிறார்கள் என்றார். அம்மா நம்பினார். மாமா அதைத் தன் கட்சியின் வெற்றியாகவே இன்றும் சொல்லித் திரிகிறார்.

சென்ற மாதம் அப்பாவுக்கு இடது முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. அதற்கு முன்னர் எத்தனை வருடமாக நோகிறது என்று தாதி கேட்டதை நான் மொழிபெயர்த்தேன்.

"பதினொண்டு, பன்ரண்டு வருஷம் வரும்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை" என்றார் அம்மா.

"சொன்னால் ஓட விட்டிருப்பியே? கிளச் மிதிக்க ஏலாதெண்டு தெரிஞ்சால் யார்டிலை வைச்சிருப்பினமே?"

அம்மா என் பக்கம் திரும்பினார். நான் போர்வையின் மடிப்பைச் சரிசெய்தேன்.

அன்று அந்தத் தெருவில் அப்பா ஒரு கணம் கூடுதலாக என்னைப் பார்த்தபடி நின்றதை நான் நெடுங்காலம் கோபம் என்றே எண்ணியிருந்தேன். தன் காலை ஒளித்துவைக்க ஓர் இடம் தேடிக்கொண்டு நின்றிருக்கிறார். கிட்ட நின்றது நானும் என் தேசிக்காயும்.