செவ்வாய்க்கிழமைத் தவணை

எங்கள் வீட்டுக் கடன் முடிந்தபோது என் மகளுக்குப் பதினோரு வயது. அவளுடைய இடது கண்ணுக்கு ஆறு வயதிலேயே வைத்தியம் பார்த்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் தனித்தனியாகச் சொன்னால் கேட்பவர்களுக்கு ஒன்றும் தோன்றாது. சேர்த்துச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

கடன் வந்த கதை ஒன்றும் பெரிதில்லை. வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஓர் ஓட்டு வீடு இருந்தது. ஒரு மழையில் பின்சுவர் உட்கார்ந்துவிட்டது. அரசாங்கத் திட்டத்தில் காங்கிரீட் வீடு கட்டப் பணம் வந்தது. அந்தப் பணம் ஜன்னல் உயரத்தோடு தீர்ந்துபோனது. மேலே கூரை போட்டாக வேண்டுமே, பெண்கள் குழுவில் என் பேரில் கடன் எடுத்தோம். போதவில்லை என்று இன்னொரு குழு. அதற்கும் மேலே டவுனில் ஒருவரிடம் மாத வட்டிக்கு. எப்படியோ கூரை ஏறிவிட்டது. வெளிப்பூச்சு மட்டும் இன்றுவரை கிடையாது.

என் வீட்டுக்காரர் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஒப்பந்தத்துக்கு மூட்டை ஏற்றினார். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். நான் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்து தரம் பிரிக்கும் கொட்டகைக்குப் போனேன். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

பெரிய குழுவின் தவணை செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. பிள்ளையார் கோயில் மண்டபத்தில் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார வேண்டும். வசூலுக்கு வரும் சார் ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிப் பணம் வாங்குவார். ஒருத்தி கட்டாவிட்டாலும் மற்ற பதினோரு பேரும் எழுந்திருக்க முடியாது. வராதவள் வீட்டுக்கு எல்லோருமாகப் போய் வாசலில் உட்காருவார்கள். அடிக்க மாட்டார்கள், வைய மாட்டார்கள், சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நானும் இரண்டு வீட்டு வாசலில் அப்படி உட்கார்ந்தவள்தான்.

மூன்றாவது வீடு என்னுடையதாகிவிட்டது. முதல் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல். தவணைப் பணத்தைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து, என் பேருக்குக் கட்டச் சொன்னேன். அவளுக்கு அந்த வாரம் கை வறட்சி. என் பணத்தைத் தன் பேருக்குக் கட்டிவிட்டாள். பத்தரை மணிக்குக் கூட்டம் என் வாசலுக்கு வந்துவிட்டது. அந்த அக்காவும் அவர்களோடு உட்கார்ந்திருந்தாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"நாங்களும் வேலவெட்டிய விட்டுட்டுத்தான் வந்து ஒக்காந்துருக்கோம். நீ காசக் குடு, நாங்க போறோம்" என்றாள் குழுத் தலைவி. இன்னொருத்தி என் புதுக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "காங்கிரீட் வூடு கேக்குதாம், தவணைன்னா மட்டும் காச்சலாம்" என்றாள். சாயங்காலம் வரை இருந்தார்கள். வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் தெருமுனையிலேயே கூட்டத்தைப் பார்த்தார். திரும்பிப் போய் யாரிடமோ கைமாற்று வாங்கி வந்து நீட்டினார். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

எனக்கு ரோஷம் அதிகம். உயிரோடு இருக்கிற வரைக்கும் செவ்வாய்க்கிழமை நானே என் கையால் கட்டுவேன், யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதை ஐந்து வருஷம் காப்பாற்றவும் செய்தேன்.

அந்த ஐந்து வருஷமும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டித்தான் ஓடியது. பால் நிறுத்தினோம், வரக்காப்பிக்கு மாறினோம். விறகு கிடைக்கிற நாளில் கேஸைத் தொட மாட்டேன். பொங்கலுக்கு ஒரே ஒரு புதுத்துணி, அது மகளுக்கு. முட்டை அவளுக்குப் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் கிடைத்தது. அவளைப் போல ஒத்துழைத்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. செருப்பு வார் அறுந்ததைச் சொல்லாமல் இரண்டு மாதம் ஊக்குக் குத்திப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள். திருவிழாவில் பலூன் வேண்டுமா என்று அவள் அப்பா கேட்டால், "வேணாம்ப்பா, அது ரெண்டு நாள்ல வெடிச்சிரும்" என்பாள். இதையெல்லாம் கொட்டகையில் போய்ச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். விவரமான பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மனசு குளிர்ந்துபோகும்.

அவள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்துக்குக் கண் பரிசோதிக்க வந்தவர்கள் ஒரு சீட்டு கொடுத்தனுப்பினார்கள். இடது கண்ணில் பார்வைக் குறை தெரிகிறது, பெரம்பலூர் அரசு மருத்துவமனைக்கு அழைத்து வரவும், செவ்வாய்க்கிழமை காலை, இலவசம். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமல் போச்சு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நன்றாகத் தெரிந்துதான் படித்தேன்.

"செவ்வாக்கெழமையா? வேற நாளு கெடையாதான்னு கேளு" என்றார் வீட்டுக்காரர். நான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக நானே டாக்டராகிவிட்டேன். பிள்ளையைக் கூப்பிட்டு ஊசியும் நூலும் கொடுத்தேன். ஒரே தடவையில் கோத்துவிட்டாள். "இந்தக் கண்ணுக்கா கொறைங்குறானுவ" என்று சிரித்தேன். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கோக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. சீட்டு, கடன் அட்டைகள் வைத்திருந்த பிளாஸ்டிக் கவருக்குள் போனது.

லீவு நாளில் என்னோடு கொட்டகைக்கு வருவாள். அடிக்கடி இடது கண்ணைத் தேய்ப்பாள். கேட்டால் பக்கத்தில் இருந்தவர்கள், "வெங்காயத்துல ஒக்காந்தா எரியத்தான செய்யும்" என்பார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

மூன்றாம் வகுப்பில் டீச்சர் ஆள் அனுப்பினார். வேலை முடிந்து, வெங்காய நாற்றத்தோடு போய் நின்றேன்.

"ஏம்மா, போர்டப் பாக்கும்போது தலையச் சாய்க்கிறா. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்களே, போனீங்களா?"

"அடுத்த வாரம் போறேன், டீச்சர்."

"ரெண்டு வருஷமா அடுத்த வாரமா?"

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "மாசச் சம்பளம் வாங்குறவங்களுக்கு எல்லாக் கெழமையும் ஒண்ணுதான். எங்களுக்கு அப்படி இல்லீங்க" என்றேன். அவர் நோட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். சரியான பதில் கொடுத்துவிட்டோம் என்ற திமிரோடு வீடு வந்து சேர்ந்தேன். இப்போது அந்த டீச்சரை பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் கடைகளுக்குள் நுழைந்துகொள்கிறேன்.

இதில் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். குழுவில் எத்தனையோ பேர் தவணையை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போனார்கள். ஒன்றும் ஆகவில்லை. தலைவியிடமே கொடுத்துவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை நானும் போயிருக்கலாம். என்னைக் கட்டிப்போட்டது கடன் இல்லை, அந்த வாசல்தான். மறுபடி ஒருமுறை அந்தப் பெண்கள் என் வாசலில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதைத் தவிர அந்த ஐந்து வருஷம் என் மண்டையில் வேறு எதுவும் இல்லை.

கடைசித் தவணை கட்டிய அன்றைக்கு சார் எனக்கு ஒரு எவர்சில்வர் டப்பா பரிசு கொடுத்தார். "அஞ்சு வருஷமா ஒரு வாரம்கூட மிஸ் பண்ணாத மெம்பர். எல்லாரும் அக்காவப் பாத்துக் கத்துக்கங்க" என்றார். கை தட்டினார்கள். அதற்கு முந்தைய மாதமே இன்னொரு குழுவின் கடனும் டவுன்காரர் கணக்கும் தீர்ந்திருந்தன. அந்தச் சனிக்கிழமை மூன்று பேருமாகக் கல்லங்குறிச்சிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தோம். கோயில் வாசலில் மகளுக்கு வளையல் வாங்கினேன். விலை கேட்காமல் வாங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து அவளுக்குக் கண்வலி வந்தது. மெட்ராஸ் ஐ. வலது கண் வீங்கி மூடிக்கொண்டது. காலையில் தண்ணீர் எடுக்கப் போனவள் நிலைப்படியில் நேராகப் போய் முட்டிக்கொண்டாள். குடம் உருண்டது.

"கண்ணத் தொறந்து பாத்து நடக்க மாட்டியா?"

"தொறந்துதாம்மா இருக்கு."

நான் பக்கத்தில் போய் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டேன். கை இருப்பது தெரிகிறது, விரல் தெரியவில்லை என்றாள். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டேன்.

"எப்பவுமே இப்படித்தாம்மா. எல்லாருக்கும் ஒரு கண்ணு இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

கண்வலி ஆறியதும், அடுத்த செவ்வாய்க்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூர் போனேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மருத்துவமனையிலும் காசு கேட்கவில்லை. கண்ணாடியும் அவர்களே தருவார்களாம். டாக்டரம்மா சின்னப் பெண். நான் நீட்டிய பழைய சீட்டில் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார். பிறந்ததிலிருந்தே இடது கண்ணில் பவர் அதிகம். கண்ணாடி போடாததால் மூளை அந்தக் கண்ணைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டது. இதற்குச் சோம்பேறிக் கண் என்று பெயர்.

"ஏழு வயசுக்குள்ள வந்திருந்தா நல்லா சரி பண்ணியிருக்கலாம்மா. இப்பவும் நல்ல கண்ண மூடி, இந்தக் கண்ணுக்கு வேலை குடுத்துப் பாப்போம். எவ்வளவு வரும்னு என்னால சொல்ல முடியாது."

ஒரு நாளும் சும்மா உட்காராத பிள்ளையின் கண்ணுக்கு அந்தப் பெயரா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவள் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் கொல்லையில் சிமெண்ட் தூசு போகக் குளித்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன். தலையில் ஊற்ற எடுத்த தண்ணீரை அப்படியே கீழே வைத்துவிட்டார். பிறகு சீட்டை வாங்கி முன்னும் பின்னும் படித்தார். "இலவசம்னு போட்ருக்கே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார்.

தினம் மூன்று மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் மூட வேண்டும். அந்த நேரத்தில் இடது கண்ணால் படிக்க வேண்டும், எழுத வேண்டும். நான் கூடவே உட்கார்ந்தேன். பேப்பரில் பெரிய எழுத்துகளைக் காட்டிப் படிக்கச் சொல்வேன். அரிசியில் கல் பொறுக்கச் சொல்வேன். அவள் ஒருநாளும் முடியாது என்று சொல்லவில்லை. கல்லெல்லாம் அரிசியிலேயே கிடக்கும். நான் மறுபடி பொறுக்கிக்கொள்வேன்.

மூன்று மாதம் கழித்துச் சோதனைக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் இருந்ததால் சோதனை அறையிலேயே ஓரமாக உட்கார வைத்தார்கள். அவள் முறை வந்தது. வலது கண்ணை மூடிக்கொண்டு பலகையிலிருந்த எழுத்துகளை மேலிருந்து நான்கு வரிசை கடகடவென்று ஒப்பித்தாள். பெருமாளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சோதித்த பெண் எழுந்து போய்ப் பலகையை மாற்றி வைத்துவிட்டு வந்தார். மகள் மேலே இருந்த ஒரே ஒரு பெரிய எழுத்தைச் சொன்னாள். அதற்குக் கீழே அவளால் போக முடியவில்லை. காத்திருந்த நேரத்தில் நல்ல கண்ணால் பார்த்து மனப்பாடம் பண்ணியிருந்தாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். எனக்கு வந்த கோபத்துக்கு அடித்திருப்பேன். கையைப் பிடித்துத் திருப்பி, "எதுக்குடி அப்படிப் பண்ணுன?" என்று கேட்டேன்.

"சரியாயிடுச்சின்னா இனிமே வர வேணாம்னு சொல்லிடுவாங்கன்னு பாத்தேன்."

"வந்தா என்ன? பஸ்ஸுக்குக் காசு குடுக்குறோமா, ஆஸ்பத்திரிக்குக் குடுக்குறோமா?"

அவள் புதுக் கண்ணாடியைக் கழற்றிப் பாவாடையில் துடைத்தாள்.

"ஒனக்கு ஒரு நாள் கூலி போவுதில்லம்மா" என்றாள்.

நான் கையை விட்டுவிட்டேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது நான்தான்.