லேபிள் அவர்களுடையது

பிரெஞ்சு தெரியுமா என்று யாராவது கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வேன். பொய்தான். நன்றாகவே தெரியும். ஆனால் அந்த மொழியில் நான் கடைசியாக எழுதியது என்ன என்று எனக்கல்லவா தெரியும்! அதனால் அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டேன்.

ஆனைக்குட்டத்திலிருந்து சிவகாசிக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். பத்தாவது வரை அரசுப் பள்ளி. நல்ல மார்க் வாங்கித் தொலைத்ததால், பட்டாசு முதலாளி ஒருவர் நடத்திய மெட்ரிக் பள்ளி என்னை இலவசமாகச் சேர்த்துக்கொண்டது. பள்ளியின் ரிசல்ட்டை உயர்த்த எங்களைப் போல நாலைந்து பேரை அப்படிப் பிடித்துப் போடுவார்கள். இலவசம் என்ற சொல்லை அங்கே தினமும் யாராவது ஒருவர் எங்கள் காதில் போட்டுவிடுவார்கள், மறந்துவிடப் போகிறோமே என்று.

கரஸ்பாண்டன்ட் என்று நாங்கள் கூப்பிட்ட அந்த முதலாளியின் மகளும் என் வகுப்புதான். அவளுக்குத் தமிழ் வேண்டாம், பிரெஞ்சு வேண்டும். ஒருத்திக்காக வகுப்பு நடத்த முடியுமா? தலை எண்ணிக்கைக்கு எங்களையும் உள்ளே தள்ளினார்கள். நான் தமிழே படிக்கிறேன் என்று ஆபீசில் போய் நின்றேன். அங்கிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஓசில படிக்க வந்துட்டு இதுல சாய்ஸ் வேறயா? போ, போ" என்றார்.

பிரெஞ்சு சார் மதுரையிலிருந்து வந்தார். ஆர்வமான மனிதர், அதை மறுக்க மாட்டேன். இன்டர்நெட்டில் தேடி பிரான்சில் ஒரு பள்ளியைப் பிடித்தார். இரண்டு பள்ளியும் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட். இங்கே ஒரு பிள்ளை, அங்கே ஒரு பிள்ளை என்று ஜோடி சேர்ப்பார்கள். நாம் பிரெஞ்சில் எழுத வேண்டும், அவர்கள் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். வீடு, சாப்பாடு, அம்மா அப்பா, பண்டிகை எல்லாம் எழுதி எழுதியே மொழி வந்துவிடுமாம். கடைசியில் இரண்டு வகுப்பும் வெப் கேமராவில் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே பூப்போட்ட உறை மூடிய கம்ப்யூட்டர்களைப் பார்த்தபடி இதைக் கேட்டபோது, எனக்கு நிஜமாகவே புல்லரித்தது.

ஜோடி பிரித்தபோது அந்தப் பக்கம் பிள்ளைகள் குறைவு என்றார்கள். ஃபீஸ் கட்டுகிறவர்களுக்கு மட்டும் ஜோடி. இலவசப் பிள்ளைகள் அவர்களுக்கு உதவி செய்ய வேண்டும். எனக்கு வாய்த்தவள் கரஸ்பாண்டன்ட் மகள். அவளுக்கு ட்யூஷன், பாட்டு கிளாஸ், இன்னும் என்னென்னவோ. "நீயே எழுதிரு, ப்ளீஸ். நீதான் நல்லா எழுதுற" என்று பாஸ்வேர்டைக் கையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். கெட்டவள் இல்லை. அவளுக்கு அது ஒரு வேலை, அவ்வளவுதான். திரையில் அவள் பெயர், அவள் போட்டோ. எழுதியது நான்.

அம்மாவிடம் சொல்லிப் பொருமினேன். அம்மா வேலை பார்த்தது ஒரு சின்ன பட்டாசு ஆலையில். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் இறக்கிவிடும். அங்கே செய்த புஸ்வாணமெல்லாம் இதே கரஸ்பாண்டன்ட் கம்பெனியின் ஆர்டர். சரக்கு இங்கே தயாராகும், அவர்கள் கம்பெனி லேபிள் வந்து இறங்கும், ஒட்டி லோடு ஏற்றுவார்கள். எங்கள் பக்கம் யாரும் இதைத் தப்பென்று நினைத்ததில்லை. தொழிலே அப்படித்தான்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றாள் அம்மா. "நாங்க அடைக்கிற புஸ்வாணத்துல எம்பேரா போட்டிருக்கு? அம்புட்டும் அவுக லேபிளுதான். வெடிக்குதா, வெளிச்சம் வருதா, அம்புட்டுத்தான் பாக்கணும். எழுதிக் குடுத்துட்டு வருவியா, சும்மா நொய்நொய்ங்குற."

எழுதினேன். முதலில் கரஸ்பாண்டன்ட் வீட்டுக் கதையாகவே எழுதினேன். கார், நாய், மொட்டைமாடித் தொட்டிச் செடிகள். அந்த பிரெஞ்சுப் பெண் பதிலுக்குத் தன் அம்மாவைப் பற்றி எழுதினாள். ரொட்டிக் கடையில் வேலை. விடிவதற்கு முன்பே போய்விடுவாள். அடுப்புச் சூட்டில் நின்று நின்று வருகிறவளின் சட்டையெல்லாம் ரொட்டி வாசம் அடிக்கும். உன் அம்மா என்ன செய்கிறாள் என்று கேட்டிருந்தாள்.

அந்த பங்களாவில் இருக்கும் அம்மா என்ன செய்வாள்? எனக்கெப்படித் தெரியும்? ஆண்டுவிழாவில் கோப்பை கொடுக்கும்போது பார்த்ததோடு சரி. ஆகவே என் அம்மாவை எழுதினேன். வேனில் போவதை எழுதினேன். அலுமினியப் பவுடர் ஒட்டி முழங்கை வரை வெள்ளியாக வருவாள், தேங்காயெண்ணெய் தேய்த்துக் கழுவினாலும் உள்ளங்கை ரேகைக்குள் மின்னிக்கொண்டே இருக்கும் என்று எழுதினேன். இதில் என் தப்பு என்ன? இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சார் நீளத்தைப் பார்த்தார், இலக்கணத்தைப் பார்த்தார், சபாஷ் என்றார். முதலாளி மகள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த பிரெஞ்சுப் பெண்ணுக்கு மட்டும்தான் அது கடிதம். படித்தாள், கேள்வி கேட்டாள், சிரித்தாள். எனக்கு அந்த வயதில் அப்படி ஒரு சிநேகிதி வேறு யாருமில்லை. அவளுக்கோ என் பெயர்கூடத் தெரியாது.

அடுத்த வருடம், ப்ளஸ் டூ. தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது, அம்மா அடைத்துக்கொண்டிருந்த வெடிமருந்து உரசிப் பற்றிக்கொண்டது. உயிர் தப்பியது பெரிது. வலது கை வெந்துபோனது. ஆலைக்காரர்களே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப்போட்டு, "வெளிய சொல்லிக்கிடாதீக, சீசன் நேரம்" என்று வீட்டில் விட்டுப்போனார்கள். இரண்டு கையும் சேர்ந்தால்தான் அம்மாவுக்கு வேலை. ராத்திரி முனகுவாள், நான் பார்த்தால் சிரிப்பாள்.

யாரிடமும் சொல்லக்கூடாதாம். பிரான்சில் இருக்கிறவளிடம் சொன்னால் யாருக்கு என்ன? டிக்‌ஷனரி இல்லாமலேயே எழுதினேன். சொற்கள் அவையாகவே வந்து விழுந்தன. மறுநாளே பதில் வந்திருந்தது. அவள் அம்மாவின் முன்கை போட்டோவை அனுப்பியிருந்தாள். அடுப்பு விளிம்பு சுட்ட தழும்புகள், கோடு கோடாக. இதை இதுவரை யாருக்கும் காட்டியதில்லை, உனக்குக் காட்டலாம் என்று அம்மா சொன்னாள், என்று எழுதியிருந்தாள். ஆள் நடமாட்டம் இல்லாத கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து அழுதேன்.

வெப் கேமரா நாள் வந்தது. கரஸ்பாண்டன்ட் வந்தார், அவர் மனைவி பட்டுச்சேலையில் வந்தார், உள்ளூர் பத்திரிகைக்காரரும் வந்தார். மகள் கேமரா முன்னால். சார் என்னை மானிட்டருக்குப் பின்னால் நிற்க வைத்தார். காலண்டர் அட்டைகளின் பின்பக்கத்தில் பதில்களைப் பெரிதாக எழுதி, ஒவ்வொன்றாக நான் தூக்கிக் காட்ட வேண்டும். அவள் படிப்பாள். என் சிநேகிதியின் குரலை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன். முகம் திரையின் அந்தப் பக்கம். எனக்குத் தெரிந்ததெல்லாம் மானிட்டரின் முதுகும் வயர்களும்.

வணக்கம் ஆனது, பண்டிகை ஆனது. பிறகு என் சிநேகிதி ஆங்கிலத்தில், மெதுவாக, உன் அம்மா பக்கத்தில் இருக்கிறார்களா, அவர்கள் கையைப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் அட்டை இல்லை. கையை ஆட்டினேன், தலையை ஆட்டினேன். யார் பார்த்தார்கள்?

"என்னவாம்?" என்றார் கரஸ்பாண்டன்ட் மனைவி.

"உங்க கையப் பாக்கணுமாம்மா" என்றாள் மகள்.

"மருதாணியப் பாக்கணுமாக்கும்! இவுகளுக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும்ல" என்று சிரித்துக்கொண்டே அந்த அம்மாள் எழுந்து, வளையலை முன்னால் தள்ளிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் கேமராவில் விரித்துக் காட்டினார். தீபாவளிக்கு இட்ட மருதாணி, சிவந்த சிவப்பு. ஒரு கீறல் கிடையாது. எல்லாரும் கை தட்டினார்கள்.

லைன் போய்விட்டதோ என்று சார் வயரை அசைத்தார். லைன் இருந்தது. "அழகாக இருக்கிறது" என்று அந்தக் குரல் சொன்னது.

அடுத்த கடிதத்தை அவள் ஆங்கிலத்தில் எழுதவில்லை. தன் சொந்த மொழியிலேயே எழுதியிருந்தாள். நீ பொய் சொன்னாய். என் அம்மாவின் கையைக் காட்டினேன், நீ விளையாடினாய். அவ்வளவுதான் கடிதம். அவர்கள் டீச்சரும் சாருக்கு எழுதிக் கேட்டதால், சார் பழைய கடிதங்களை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தார். படித்துவிட்டு நேராகக் கரஸ்பாண்டன்ட் அறைக்கு ஓடினார். ஆர்வமான மனிதர் என்று சொன்னேனே, ஓட்டத்திலும் ஆர்வம்தான்.

அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கட்டுப்போட்ட கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்து நின்றாள். கரஸ்பாண்டன்ட் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட நான் எதிர்த்துப் பேசியிருப்பேனோ என்னவோ.

"பாரும்மா, ஒன் மக ஆலையில தீப்பிடிச்சுதுன்னு பிரான்சு வரைக்கும் எழுதிப்புட்டா. நம்ம தொழிலுக்குல்ல கெட்ட பேரு? அப்பறம் அந்த ஆலைக்கு நான் எப்படி ஆர்டர் குடுக்க? பாடத்துக்காகச் சும்மா கத எழுதுனோம்னு ஒரு கடுதாசி எழுதச் சொல்லு. புள்ள படிப்பும் கெடாது."

"எழுதிருவா மொதலாளி" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

அந்த அறையில் இருந்த ஒருவராவது கை எப்படியிருக்கிறது என்று அவளிடம் கேட்கவில்லை. கேட்டவள் ஒருத்திதான், அவளுக்குத்தான் இந்தக் கடிதம்.

சார் என்னைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தார். அம்மா வெறுங்காலோடு வாசல்படியில் நின்றாள். அது கதைதான், மன்னித்துவிடு என்று முதலாளி மகளின் பெயரில் எழுதினேன். என் அம்மா ஆலைக்குப் போனதேயில்லை, அவர் கை வெந்ததே இல்லை என்று எழுதினேன். சார் ஒவ்வொரு வரியாகப் படித்து, "பிரமாதம், ஒரு திருத்தம்கூட இல்ல" என்றார்.

அனுப்புவதற்கு முன் அம்மா எட்டிப் பார்த்தாள். எங்கள் பேச்சில் பாதி அவளுக்குப் புரிந்திருக்காது.

"ஏ புள்ள, அந்தப் பொண்ணுதான் என் கைய நெனச்சு வருத்தப்பட்டுச்சுன்னியே. பாவம், யாரு பெத்த புள்ளயோ. இப்ப ஆறிக்கிட்டு வருதுன்னு அதுக்கு ஒரு வார்த்த சேத்து எழுது."

"சரிம்மா, எழுதிட்டேன்" என்று சொல்லி பட்டனை அழுத்தினேன்.