ரோசரி எடுத்த அழைப்பு

பேராக் மாநிலத்துக் குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலைக்குக் கீழே, டயர் கடைக்கும் வங்கிக்கும் நடுவில் இருக்கிறது மரியஜோசப் ஈமச்சேவை. செமோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் தச்சராக இருந்த மரியஜோசப், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஒரு பழைய வேனை வாங்கித் தொடங்கிய தொழில் அது. இந்து, கிறிஸ்தவர் என்று பார்க்காமல் எல்லார் வீட்டுச் சாவுக்கும் போவார். மூத்த மகள் ரோசரி ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு அங்கே தொலைபேசி எடுக்க உட்கார்ந்தாள். முப்பத்தொரு வருடம் அந்த நாற்காலியில்தான் இருந்தாள்.

அழுகிறவர்களிடம் பேசுவது ஒரு தனித் திறமை. ரோசரிக்கு அது இயல்பாக வந்தது. அவசரப்படுத்த மாட்டாள். எதிர்முனையில் இருப்பவர் பேர், ஊர், நேரம் மூன்றையும் சொல்லி முடிப்பதற்குள் தானாகவே கொஞ்சம் அடங்கியிருப்பார். பேராக்கில் பாதித் தோட்டங்களுக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். அவளுக்குக் கல்யாணம் நடக்கவில்லை. பேச்சு வந்தபோதெல்லாம், சவப்பெட்டிக் கடையில் உட்கார்ந்திருக்கிற பெண் என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்கள். தம்பி கீத்தை ஆஸ்திரேலியாவில் படிக்க வைத்ததும் அந்தக் கடைதான். அப்பா இறந்தபோது கடை கீத் பேரில் இருந்தது. ரோசரி பேரில் எதுவும் இல்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

போன வருடம் கோலாலம்பூர் வேலையை விட்டு வந்த கீத், கடையை நிமிர்த்தப் போவதாகச் சொன்னான். பினாங்கிலிருந்து மென்பொருள் செய்கிற ஒருவரை அழைத்துவந்து பணியாளர்களை உட்காரவைத்தான். கடைக்கென்று சொந்தமாகச் செயலி வேண்டும், பெட்டியின் படம் அதிலேயே பார்க்கலாம், பூவைத் தேர்ந்தெடுக்கலாம், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் சடங்கை நேரலையில் பார்க்கலாம், கருமாதி நாளை அதுவே நினைவூட்டும் என்று அடுக்கினான்.

ரோசரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சொல்லுங்கக்கா."

"ஒரு வீட்டுல சாவு பத்து வருஷத்துக்கு ஒரு தடவ வருது. அதுக்குன்னு யாருலா ஆப்ப எறக்கி ஹேண்ட்போன்ல வச்சிக்குவாங்க? செத்த அன்னிக்குத்தான் தேடுவாங்க. தேடுனா நம்ம பக்கம் தொறக்கணும், நம்பர அமுக்குனா போன் வரணும். சின்னதா ஒரு வெப்சைட் போதும். பட்டன் போன் வச்சிருக்கவங்களுக்கு நம்பர் மட்டும் போதும்."

பினாங்குக்காரர் தலையசைத்தார். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கீத் சிரித்தான்.

"அதாவது, போன நீங்க எடுக்கணும். அதுதானேக்கா வேணும்?" என்றான். "உங்களுக்குப் புருஷன் இல்ல, புள்ள இல்ல. சாவு வீட்டுக்காரன் அழுதுக்கிட்டே 'அக்கா, அக்கா'ன்னு கூப்புடுறான் பாருங்க, அது ஒண்ணுதான் இருக்கு. அதப் புடுங்கிடுவாங்கன்னு பயம். பயத்துக்கு நான் தொழில் நடத்த முடியாது."

வேன் ஓட்டும் ராஜு தரையைப் பார்த்தான். மாலை கட்டும் தினேஸ்வரி எழுந்து உள்ளே போனாள். ரோசரி கையில் இருந்த பேனாவை மூடி, மேசைமேல் வைத்தாள். அன்றிலிருந்து தம்பியிடம் அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

செயலி தயாரானது. இனி எல்லாப் பதிவும் அதில்தான் என்று கீத் உத்தரவு போட்டான். பழைய இணையப் பக்கத்தை மூடினான். கடை எண்ணுக்கு அழைத்தால் செயலியைத் தரவிறக்கச் சொல்லும் பதிவுக் குரல் ஒலிக்கும். யாராவது மறந்துபோய் அழைப்பை எடுத்துவிட்டாலும் பதிவு எழுதக் கூடாது.

வெளியிடுவதற்கு ஒரு வாரம் முன்பு, ரோசரி ராஜுவின் பழைய கைப்பேசியை வாங்கி அதில் செயலியை ஏற்றிப் பார்த்தாள். ஏறவில்லை. தினேஸ்வரியின் கைப்பேசியில் ஏறியது. ஆனால் பேரைப் பதியவே ஆறு படிகள் கேட்டு, கடைசியில் வங்கி அட்டை எண் கேட்டு நின்றுகொண்டது.

"பாஸ்கிட்ட சொல்லிடுவோமாக்கா?" என்றான் ராஜு.

"நான் சொன்னப்ப என்ன சொன்னான், நீயும்தானே கேட்ட? வாயத் தொறக்காத. அவனாத் தெரிஞ்சிக்கட்டும்."

அதைச் சொன்னபோது அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி பரவியது. பல வருடங்களில் அவ்வளவு சுகமாக அவள் இருந்ததில்லை.

செயலி வெளியாகி மூன்றாவது வாரம், வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொலைபேசி மணி அடித்தது. கடை திறந்ததும் பதிவுக் குரலை முடுக்கிவிட அன்று ரோசரி மறந்திருந்தாள். பழக்கத்தில் எடுத்துவிட்டாள்.

"அம்மா, நான் காளியம்மா பேசுறேன். செமோர் பழைய தோட்டத்து லயத்து வீட்டுலருந்து. எம் புருஷன் சீனி இன்னிக்கு விடியக்காலையில எறந்துட்டாரு. பாலாய்லருந்து போலீசு வந்து பாத்து, அடக்கம் பண்ண கடுதாசி குடுத்துட்டாங்க. நம்ம மரண சகாயச் சங்கத்துல உங்க நம்பருதான் போட்டிருக்கு. வேன் அனுப்புங்கம்மா."

ரோசரியின் கை தானாகப் பேனாவை எடுத்தது. பிறகு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஆப்புலதாம்மா போடணும். இப்ப அப்படித்தான் ரூலு."

"ஆப்புன்னா என்னம்மா?"

"வீட்டுல படிச்சவங்க யாராச்சும் இருந்தா கேளுங்க."

வைத்துவிட்டாள். வைத்த கையோடு பதிவுக் குரலையும் முடுக்கிவிட்டாள்.

அவள் போட்ட கணக்கு இதுதான்: பதினொரு மணிக்குள் சங்கத் தலைவர் தர்மா கொதித்துப்போய்க் கீத்தை அழைப்பார், நாலு வார்த்தை கேட்பார், கீத் தலையைக் குனிவான், மத்தியானத்துக்குள் வேன் போய்விடும். ஒரு கிழவி மூன்று மணி நேரம் காத்திருப்பாள், அவ்வளவுதானே என்று நினைத்தாள். தர்மா தொழிற்சாலையில் இருந்தார் என்பதும், அங்கே கைப்பேசியை அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் வேலைக்கு நிற்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியாது. லயத்தில் பகலில் கிழவர்கள் மட்டுமே இருந்தார்கள். அவர்களிடம் இருந்தவை எல்லாம் பட்டன் போன்கள்.

தொலைபேசித் திரையில் அதே எண் வந்து வந்து போனது. ரோசரி பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டரைக்குச் சோறு சாப்பிட்டாள். இரண்டு மணிக்குத் தாங்காமல் திரும்ப அழைக்கலாம் என்று பொத்தானில் விரலை வைத்தாள். அந்த நேரம் பார்த்துக் கீத் கடந்து போனான். "என்னக்கா, போன் அடிக்காம போர் அடிக்குதா?" என்றான். விரலை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வரவில்லை.

நான்கரை மணிக்கு, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. பின்னால் பலகைமேல் கம்பளியில் சுற்றிய உடம்பு கிடந்தது. சுற்றிலும் உதிர்ந்த செம்பனைப் பழங்கள் சிதறியிருந்தன. முழுப் பகலும் தகரக் கூரைக்கடியில் இருந்த உடம்பு. டயர் கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். வேலை முடிந்து மூன்று மணிக்குத்தான் விவரம் அறிந்த தர்மா, செயலியோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டி, முடியாமல் லாரியைப் பிடித்திருந்தார். அவர் ஓட்டுநர் பக்கத்திலிருந்து இறங்கினார். பின்னாலிருந்து, கணவனின் தலையைப் பிடித்தபடியே வந்த காளியம்மாவை இரண்டு பேர் இறக்கிவிட்டார்கள்.

கீத் ஓடிவந்தான். "இங்க வாசல்ல நிறுத்தாதீங்க, ஆளுங்க பாக்குறாங்க" என்றான்.

ரோசரி காலையிலிருந்து காத்திருந்த நேரம் இது. அவள் முன்னால் வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "பாத்தியா கீத்? அன்னிக்கே சொன்னேன்ல? இந்த மாதிரி ஏழ ஜனங்க என்ன செய்வாங்க?" பிறகு காளியம்மாவின் பக்கம் திரும்பித் தன் பழைய குரலில், "உள்ள வாங்கம்மா. நான் பாத்துக்குறேன்" என்றாள்.

காளியம்மா அசையவில்லை. அவளையே பார்த்தாள்.

"இந்தக் கொரலுதான்" என்றாள் தர்மாவிடம்.

தர்மா ரோசரியின் பக்கம் திரும்பினார்.

"காலையில போன எடுத்தது இவதான். எம் புருஷன் எறந்துட்டாருன்னு சொன்னேன். ஆப்புல போடுன்னு சொல்லி வச்சிட்டா."

"அது ரூலும்மா. தம்பி போட்ட ரூலு" என்றாள் ரோசரி. சொல்லும்போதே தன் குரல் மெலிவது அவளுக்குக் கேட்டது.

"ரூலு போட்டவரு எங் கொரலக் கேக்கல. நீ கேட்ட."

கீத் அக்காவைப் பார்த்தான். "நீங்க எடுத்தீங்களா?" அவன் முகத்தில் கோபத்தைவிட நிம்மதி அதிகம் இருந்தது. பழி போட ஓர் ஆள் கிடைத்துவிட்டது.

ராஜு லாரியின் பின்கதவைத் திறந்துகொண்டே, யாரையும் பார்க்காமல் பேசினான். "பழைய போன்ல ஆப் ஏறாதுன்னு அக்காவுக்கு முன்னாடியே தெரியும் பாஸ். என் போன்லதான் போட்டுப் பாத்தாங்க. சொல்லாதன்னாங்க. நானும் சொல்லாம இருந்தேன்." பிறகு ஏறி, சீனியின் கால் பக்கத்தைப் பிடித்தான். தலைப் பக்கத்துக்கு ரோசரி கையை நீட்டினாள். காளியம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். ஓங்கி அடிக்கவில்லை. தட்டில் உட்கார்ந்த ஈயை ஓட்டுவது போலத்தான் தட்டினாள்.

சீனியின் முகத்தைத் திறந்துவைக்க முடியாது என்று உள்ளே போய்ப் பார்த்த ராஜு சொன்னான். அவர் மூடிய பெட்டியிலேயே போனார். கூலிம் ஊரில் வேலை செய்த மகன் வந்தபோது அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு மாதத்தில் செயலி எடுக்கப்பட்டது. கீத் மனம் மாறியதால் அல்ல. அதை ஏற்றியிருந்தவர்கள் மொத்தமே எழுபது சொச்சம் பேர், அதில் பாதி சொந்தக்காரர்கள். ராஜு வேறு வேலைக்குப் போய்விட்டான். கீத் மறுபடியும் கோலாலம்பூர் போனான். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், அக்கா செய்ததை மட்டும் சொன்னான், தன் உத்தரவைச் சொல்லவில்லை. கேட்டவர்கள் நம்பினார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

கடையை நடத்தும் பொறுப்பு ரோசரிக்கே வந்தது. பினாங்குக்காரரை அழைத்துத் தான் கேட்டதைச் செய்துகொண்டாள். எந்தக் கைப்பேசியிலும் சட்டென்று திறக்கிற ஒரே பக்கம். கடையின் பேர், எண், அமுக்க ஒரு பட்டன். முதல் மாதமே அழைப்புகள் கூடின. அவள் சொன்னதுதான் சரி என்று பினாங்குக்காரர் மனதாரச் சொன்னார்.

மரண சகாயச் சங்கம் மட்டும் விலகியே இருந்தது. அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் வேறு ஆள் இல்லாததால், தர்மா ஒருநாள் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"எங்க சாவு வேலையத் திரும்ப உங்ககிட்டயே குடுக்குறோம். ஒரே ஒரு விசயம். போன நீங்க எடுக்கக் கூடாது. எங்க ஆளுங்க உங்க கொரலக் கேட்டா வச்சிடுவாங்க."

ரோசரி, "சரி" என்றாள்.

சித்தி மகள் கார்மென் இப்போது தொலைபேசி எடுக்கிறாள். நன்றாகவே பேசுகிறாள். ரோசரி பின்னறையில் பெட்டிகளின் இருப்பைப் பார்க்கிறாள். மணி அடிக்கும்போது செய்கிற வேலையை நிறுத்திவிட்டு, அது எடுக்கப்படும்வரை நிற்பாள்.

இந்த வருடம் தைப்பூசம் கழிந்து நான்கு நாளில் காளியம்மா இறந்துபோனாள். அழைப்பைக் கார்மென் எடுத்தாள். அரை மணி நேரத்தில் வேன் கிளம்பியது. ரோசரி தானே உட்கார்ந்து வெள்ளைச் சம்பங்கியில் ஒரு மாலை கட்டி, பேர் எழுதாமல் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினாள். சாயங்காலம் வேனைக் கழுவப் பின்கதவைத் திறந்தபோது மாலை சுற்றிய தாளோடு அப்படியே கிடந்தது.

"அந்தம்மாவோட மகன் வேணாம்னுட்டாருக்கா" என்றான் ஓட்டுநர். "யாரு குடுத்ததுன்னு கேட்டாரு. நான் சொல்லல. அவருக்கே தெரிஞ்சிருந்திச்சு."