ஒரு பக்கம் மட்டும் முளைத்த முடி

கொரோனா அடங்கி, எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு நடமாடத் தொடங்கியிருந்த சமயம். துபாயில் ஒரு தோல் மருத்துவமனையின் பெண்கள் காத்திருப்பு அறையில் இது நடந்தது. எங்களுக்குச் சொந்த ஊர் ஈரோடு பக்கம். குடியிருப்பது ஷார்ஜா ரோலாவில். கணவருக்கு ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர் வேலை. நான் ஒரு டைப்பிங் சென்டரில் விசா விண்ணப்பங்கள் அடித்துக் கொடுக்கிறேன். நாள் முழுக்கக் கவுன்ட்டருக்கு எதிரே யாராவது ஒருவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் வேலை.

சின்ன வயதில் என் தலையில் வெந்நீர் கொட்டிவிட்டது. இடது நெற்றி ஓரத்தில் தொடங்கி காதுக்குப் பின்னால் வரை உள்ளங்கை அகலத்துக்குத் தழும்பு. அங்கே ஒரு முடிகூடக் கிடையாது. வலது பக்கம் வகிடு எடுத்து, முடியை இடப்பக்கம் தள்ளி, க்ளிப் போட்டு மூடியே வளர்ந்தேன். கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவளுக்குக்கூடத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பு கணவரிடம் மட்டும் சொன்னேன். "அதனாலென்ன?" என்று கேட்டுவிட்டு அவர் காபி குடிக்கப் போய்விட்டார்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மூடுவதற்கு முடி போதவில்லை. பின்னந்தலை முடியை வேரோடு எடுத்துத் தழும்பிலும் நடலாம் என்று கணவர் யாரிடமோ விசாரித்து வந்தார். போனோம். இந்த மருத்துவமனையின் டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். வெந்த தோலில் ரத்த ஓட்டம் குறைவு, ஒரே சீராக வரும் என்று எதிர்பார்க்காதே, ஒரு வருடமாவது பொறுத்திரு என்றார். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டுவது சுலபமாக இருந்தது.

நட்ட முடியெல்லாம் முதலில் உதிர்ந்தது. அப்படித்தான் உதிரும், வேர் உள்ளே இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. பிறகு நெற்றி ஓரத்தில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாக முளைத்தபோது நான் குதித்த குதியைப் பார்த்து என் மகள் "அம்மா, வாட் ஹேப்பன்ட்?" என்று ஓடி வந்தாள். ஆனால் மாதங்கள் போகப் போக, நெற்றிப் பக்கம் மட்டும் பிரஷ் மாதிரி அடர்த்தியாக விறைத்து நின்றது. காதுப் பக்கம் மொட்டையாகவே கிடந்தது. முன்பாவது தழும்பு தட்டையாக இருந்தது, மேலே முடியைப் படிய வைத்து மூடிவிடலாம். இப்போது அந்தக் குட்டை முடி மேல்முடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. எவ்வளவு சீவினாலும் படியவில்லை. கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சின் நடுவே என் நெற்றிக்கு மேலே பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு அம்மா, "இதென்னம்மா, பூச்சி வெட்டா?" என்று சத்தமாகவே கேட்டார்.

அன்று இரவே முடிவு செய்துவிட்டேன். வந்த முடியையும் லேசரில் எரித்துவிடச் சொல்ல வேண்டும். பழைய தழும்பே போதும்.

கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. ரோலாவிலிருந்து தனியாகவே பஸ் பிடித்துப் போனேன். காத்திருப்பு அறையில் என்னைத் தவிர ஒரே ஒரு பெண். உடம்பை மூடிய கறுப்பு அபாயா, தலையைச் சுற்றிக் கறுப்புத் துணி, கையில் காகிதக் கப்பில் கரக் டீ. என் வயதுதான் இருக்கும். இந்த நாட்டுக்காரப் பெண் என்று பார்த்ததுமே தெரிந்தது. தமிழ் தெரியாதவர்தானே என்ற தைரியத்தில் கணவருக்குப் போன் போட்டேன்.

"என்னால முடியலீங்க. எல்லாத்தையும் எடுத்துடச் சொல்லப் போறேன். முடி பாதி வந்து பாதி வராம, இது இருக்கறதுக்கு இல்லாமயே இருக்கலாமுங்க."

"அவசரப்படாத கண்ணு, டாக்டர் என்ன சொல்றாங்கன்னு மொதல்ல கேளு" என்றார் அவர். போனை வைத்துவிட்டு அழுதேன்.

"அளுவாத புள்ள."

டிவியில் யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்து நிமிர்ந்தேன். டிவியில் ஏதோ அரபு சமையல் ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தினி மாசம் ஆச்சு முடி வச்சு?"

பேசியது அந்தப் பெண்தான். எனக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது. அவர் சிரித்தார்.

"எங்க வீட்டுல வேல பாத்த அக்கா தமிழ்தான். மன்னார்குடி பக்கம்னு சொல்லும். நான் பொறக்கையில வந்துச்சு, நான் காலேஜ் போவையில ஊருக்குப் போயிருச்சு. எனக்குச் சோறு ஊட்டுனது, திட்டுனது எல்லாம் தமிழ்லதான்."

கொச்சை மாறாத தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழ். எங்கள் கொங்குப் பேச்சில்கூட இல்லாத சொற்களெல்லாம் சரளமாக வந்தன. மரியாதைச் சொல் மட்டும் கிடையாது. நீ, வா, போ என்றுதான் பேசினார். சின்னப் பிள்ளையிடம் யாரும் 'நீங்க' போட்டுப் பேசுவதில்லையே, அவர் அதைக் கேட்டிருக்கவே வழியில்லை. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் மகளைப் பெற்ற எனக்கு, அவர் பேசப் பேச மயிர்க்கூச்செறிந்தது.

ஐந்து மாதம் என்றேன். தனக்கு இரண்டு வருடமாகிறது என்றார். அல் ஐன் சாலையில் போகும்போது வண்டி உருண்டு, கண்ணாடி அவர் மண்டைத் தோலைக் கிழித்துவிட்டதாம். தழும்பில் முடி நட்டு, இப்போது சோதனைக்காக வந்திருக்கிறாராம்.

எனக்குள் ஒரு கேள்வி முட்டிக்கொண்டு நின்றது. அடக்க முடியாமல், "நீங்கதான் தலைய மூடிக்கிறீங்களே..." என்று தொடங்கிவிட்டு, முடிக்கத் தெரியாமல் நிறுத்தினேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எல்லாரும் இதத்தான் கேட்டாங்க. என்னப் பெத்த உம்மாவும் கேட்டுச்சு. மூடறதுக்கு முன்னாடி கண்ணாடியில பாக்குறது நான்தான?"

சொல்லிவிட்டு எழுந்தார். கதவருகே போய், வெளியில் இருந்த நர்ஸிடம் அரபியில் ஏதோ சொல்லிக் கதவைச் சாத்தினார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஊசியைக் கழற்றித் தலைத்துணியை எடுத்துவிட்டார்.

இடுப்பு வரை முடி. அவர் வீட்டு ஆட்களும் டாக்டரும் தவிர வேறு யாரும் பார்த்திருக்க முடியாத முடி. என்னைச் சந்தித்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. குனிந்து வகிட்டைப் பிரித்து, "தொட்டுப் பாரு" என்றார்.

விரல் நுனியால் தொட்டேன். ஒரு இடத்தில் அடர்த்தியாக இருந்தது. அடுத்து சன்னமாக, கொஞ்சம் சுருட்டையாக இருந்தது. நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு வெறுந்தோல்.

"மொதல்ல இது வந்துச்சு. இந்தா, இது வர்றதுக்கு ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. இது இன்னும் வரல. எல்லாம் ஒண்ணா வராது புள்ள. சரி, உன்னுதக் காட்டு."

கணவருக்கும் டாக்டருக்கும் தவிர நான் யாருக்கும் காட்டியதில்லை. ஆனால் அவர் அப்படி உட்கார்ந்திருக்கும்போது எப்படி மாட்டேன் என்பது? க்ளிப்புகளைக் கழற்றினேன். அவர் என் தலையை இரண்டு கையாலும் பிடித்து, உரிமையோடு மடிப்பக்கம் சாய்த்துக்கொண்டார். நம் ஊரில் பேன் பார்க்கிறவர்கள் சாய்க்கிற அதே மாதிரி. போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், காதுக்குப் பின்னால் வந்ததும் நின்றார்.

"ஏய், இங்க பாரு!"

படம் எடுத்து, விரலால் பெரிதாக்கி என் கண்முன் நீட்டினார். பிறந்த குழந்தையின் காது மடலில் இருக்குமே, அப்படிப் பூ மாதிரியான முடிகள். மொட்டை என்று நான் நினைத்த இடத்தில், கண்ணாடியில் எனக்குத் தெரியாத பக்கத்தில், ஒன்றிரண்டல்ல, வரிசையாக வந்துகொண்டிருந்தன. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வழுவழுவென்று செத்துக் கிடந்த தோல் அது. அதைப் பிளந்துகொண்டு அவை எழுந்திருந்தன. கோயில் கருவறை முன்னால் நிற்கிற மாதிரி அந்தப் போன் முன்னால் கைகூப்பாத குறையாக உட்கார்ந்திருந்தேன்.

"வந்துருச்சு பாத்தியா? இதப் போயி எடுக்கச் சொல்றியே, கிறுக்கி!" என்று என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டும் மன்னார்குடியிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

நர்ஸ் கதவைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். உள்ளே போய் லேசர் என்ற சொல்லையே எடுக்கவில்லை. டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்து, ஆமாம், இப்போதுதான் கிளம்புகிறது, பொறுத்திரு என்றார். வெளியே வந்தபோது அந்தப் பெண் வேறொரு அறைக்குள் போயிருந்தார். வெகுநேரம் காத்திருந்தேன். வரவில்லை. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரமாகிவிட்டதால் கிளம்பிவிட்டேன். பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை.

இப்போது என் தழும்பு பெரும்பாலும் மூடிவிட்டது. சீராக இல்லை. முன்னால் அடர்த்தி, காதுப் பக்கம் சன்னம், நடுவே நகம் அளவுக்கு ஒரு வெற்றிடம் இன்னும் இருக்கிறது. அதை மறைக்க நான் எதுவும் செய்வதில்லை.

மன்னார்குடிப் பக்கம் ஏதோ ஒரு வீட்டில் இருக்கும் அந்த அக்காவுக்கு, தான் சோறூட்டி வளர்த்த பிள்ளை முன்பின் தெரியாத ஒருத்திக்காகத் தன் தலைத்துணியை எடுத்ததும், அவள் தலையை மடியில் சாய்த்துப் பார்த்ததும் தெரிய வழியே இல்லை. ஆனால் எனக்குத் தெரியும், அதை நினைக்கும்போதெல்லாம் செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு ஒரு நிமிடம் அப்படியே பிரமித்து நின்றுவிடுகிறேன்.