கரி பஸ்ஸில் நம்ம ஆளு

கண்டக்டர் வேலையில் டிக்கெட் கிழிப்பது சுலபம். யாரை எங்கே உட்காரவைப்பது என்பதுதான் தலைவலி. என்னைப் போல விசில் ஊதிப் பிழைத்தவர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் கரி அடுப்பு கட்டிய பஸ்ஸில், புதுக்கோட்டைக்கும் கறம்பக்குடிக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தேன்.

யார் கழுவுவது?

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு டீச்சரம்மா வாந்தி எடுத்துவிட்டார். அவர் கழுத்தில் ஜெபமாலை. என் பெயர் அந்தோணி. "ஒங்க ஆளுதானே, நீங்களே கழுவிவிடுங்க" என்றார்கள் பஸ்ஸில் இருந்தவர்கள். கழுவினேன். மறுவாரம் ஒரு ஜவுளிக்கடைக்காரர் அதே இடத்தில் எடுத்தார். அவர் யாருடைய ஆள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதையும் நான்தான் கழுவினேன்.

அதுவரை நான் வெறும் கண்டக்டர் என்றுதான் நினைத்திருந்தேன். டிரைவரிடம் புலம்பியபோது அவர் சொன்னார்: "நெறையாப் பேரு இருந்தா அவுகளுக்குப் பேரு ஜனங்க. கொஞ்சப் பேருன்னாத்தான்யா ஒங்க ஆளு."

முன் பெஞ்சு

சேரியிலிருந்து மருதாயி ஏறினாள். நிறைமாதம். பின்னால் முழுக்க மூட்டைகள். முன் பெஞ்சில் அவள் ஊர்த் தலைவரான அம்பலக்காரர் பக்கத்தில் இடம் இருந்தது. "உட்காரும்மா" என்றேன். அம்பலக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்து அந்தக் காலி இடத்தில் போட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. துண்டை எடுக்கப் போனேன். மருதாயிதான் தடுத்தாள். கம்பியைப் பிடித்து நின்றபடியே மெல்லச் சொன்னாள்: "வேணாம் சாமி. நீங்க பஸ்ல போயிருவீக. நாங்க அங்கிட்டுத்தான இருக்கணும்."

நம்ம ஊருக்காரன்

அடுத்த வருஷம் என்னை, அவர்கள் ஊர் வழியாகக் கடற்கரைக்குப் போகும் ஜெகதாப்பட்டினம் வண்டிக்கு மாற்றினார்கள். ஒருநாள் அதில் அதே அம்பலக்காரர் வந்தார். அங்கே கடையில் வேலை பார்த்த மகனுக்குக் கடுமையான காய்ச்சல். கடற்கரையில் இறங்கியதும் மனிதர் மிரண்டுபோனார். டீக்கடையில் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார், "நீங்க என்ன ஆளுங்க?" என்று. அவரிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அவருக்கு வேர்த்துக்கொட்டியது.

அப்போது கருவாட்டு மூட்டையோடு மருதாயியின் புருஷன் கருப்பன் எதிரே வந்தான். அம்பலக்காரர் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "கருப்பா! நம்ம ஊருக்காரன்டா!" கருப்பன் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, எழுந்து நடக்க முடியாத அந்த மகனைத் தோளில் தூக்கிவந்து பஸ்ஸில் ஏற்றினான். முன் பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மகனின் தலை கருப்பன் மடியில். அம்பலக்காரர் தன் துண்டை நனைத்து நனைத்துக் கொடுக்க, கருப்பன் நெற்றியில் போட்டுக்கொண்டே வந்தான்.

ஊர் எல்லை தெரிந்ததும் கருப்பன் அந்தத் தலையை அவர் மடிக்கு மாற்றிவிட்டு, பின்னால் போய் நின்றுகொண்டான். அம்பலக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

"ஏன்யா எந்திரிச்சே?" என்று கருப்பனைக் கேட்டேன்.

"அவுக எந்திரின்னு சொல்றதுக்கு முந்தி நானே எந்திரிச்சிட்டா, இம்புட்டுத் தூரம் ஒண்ணா ஒக்காந்து வந்தது கெடாம இருக்கும்லங்க."

எங்கள் ஜனங்களை ஒரே பெஞ்சில் உட்காரவைக்க முடியும், ஆனால் அதற்கு அவர்களை ஊரைவிட்டு எவ்வளவு தூரம் ஏற்றிப்போக வேண்டும் என்பது எந்தக் கம்பெனி டிக்கெட்டிலும் அச்சடித்திருக்கவில்லை.