மணலுக்கு என்ன வயசு?

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூர், சூரத், மஸ்கட் என்று சுற்றினேன். நாற்பதைத் தாண்டியதும் முதுகு ஒத்துழைக்க மறுத்தது. அந்த நேரத்தில்தான் கீரமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் வேன் ஓட்டும் வேலை அமைந்தது. வேன் நிற்கும் கொட்டகையை ஒட்டி ஓர் அறையும் உண்டு. அறைக்குக் கதவு இருந்தது. கதவுள்ள இடத்தில் படுத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

பிள்ளைகளை ஏற்றிச் செல்பவருக்கு அரசின் நன்னடத்தைச் சான்று வேண்டும் என்றார் தாளாளர் அம்மா. விண்ணப்பித்தேன். 'கடத்தல் வழக்கில் தொடர்புடையவர். குழந்தைகள் சார்ந்த பணிக்குத் தகுதியற்றவர்' என்று பதில் வந்தது.

கடத்தல் வழக்கு இருந்தது உண்மை. ஆனால் கடத்தியது மணலை. ஒருநாள் வெள்ளாற்றுப் பக்கம் நடந்து வந்தபோது, மணல் ஏற்றிப் போன ஒரு மாட்டு வண்டியில் தொற்றிக்கொண்டேன். போலீசைக் கண்டதும் வண்டிக்காரர் குதித்து ஓடிவிட்டார். மாடுகளும் நானும் நின்றோம். மாடுகள் நுகத்தில் கட்டிக் கிடந்தன. எனக்கு ஓடத் தெம்பில்லை. பிறகு அந்த வழக்கில் விடுதலையும் ஆகிவிட்டேன்.

"புள்ளைய கடத்துனவன்னு நெனச்சுட்டாங்கம்மா," என்றேன்.

"எனக்குத் தெரியுதுங்க. பேப்பருக்குத் தெரியணுமே. அரைப்பரீட்சை வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல வேற ஆளப் போட்ருவேன்," என்றார் தாளாளர்.

இலவச சட்ட உதவியில் ஓர் இளம் வக்கீல் கிடைத்தார். அந்தப் பதிலை எதிர்த்து மதுரை ஹைகோர்ட்டில் ரிட் மனு போட்டார். விசாரணை முழுக்க ஆங்கிலம். நீதிபதி அரசு வக்கீலிடம் ஏதோ கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

வெளியே வந்ததும், "என்ன தம்பி கேட்டாரு?" என்றேன்.

"கடத்தப்பட்ட மணலுக்கு என்ன வயசுன்னு கேட்டாருண்ணே. உத்தரவை ரத்து பண்ணியாச்சு. ஜெயிச்சுட்டோம்!"

"அப்ப சான்றிதழக் குடுங்க."

"அதைக் கோர்ட்டு தராதுண்ணே. மறுத்த வெதம் தப்புன்னு மட்டுந்தான் சொல்லும். தர்றது அதே ஆபீஸ்தான். மறுபடி பரிசீலிக்கச் சொல்லியிருக்காங்க."

"அடிச்சவங்கிட்டயே மருந்துக்குப் போகணுமா?"

"இந்தத் தடவை கோர்ட்டு பாத்துக்கிட்டு இருக்குல்ல. பயப்படாமப் போங்க."

போனேன். அங்கே இருந்த அதிகாரி, கோர்ட் உத்தரவைப் படித்துவிட்டு என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதுவே பெரிய மாற்றம். இனி யாரும் குழம்பக் கூடாதென்று அவரே வாசகத்தைச் சொல்லித் தட்டச்சு செய்ய வைத்தார். அரைப்பரீட்சைக்கு முந்தின நாள் சான்று கைக்கு வந்தது. 'இவர் மணலைக் கடத்தியதாகக் கூறப்பட்ட வழக்கில் விடுதலை பெற்றவர். இதுவரை குழந்தை எதையும் கடத்தியதாகத் தெரியவில்லை.'

தாளாளர் அம்மா படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"என்னங்க இது, 'இதுவரை'ன்னு போட்ருக்காங்க?"

"நாளைக்கு நடக்கறதுக்கு அவங்க எப்படிங்கம்மா பொறுப்பேத்துக்குவாங்க?"

சான்றை நாலாக மடித்தார். "இத நோட்டீஸ் போர்டுல போட முடியாது. பீரோவுக்குள்ள வச்சுக்கறேன்," என்று சொல்லி வேன் சாவியை நீட்டினார்.

மறுநாள் காலை முதல் நிறுத்தத்தில் ஒரு யூகேஜிப் பிள்ளை ஏறினாள். எனக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். வளைவு திரும்புவதற்குள் என் சட்டை முதுகில் வாந்தி எடுத்தாள். வண்டியை ஓரங்கட்டித் துடைத்துவிட்டு, அடுத்த நிறுத்தத்துக்கு ஓட்டினேன்.