மூன்று ஊரில் வெந்த பருப்பு

என் அப்பா எனக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகும்போதெல்லாம் துண்டு முனையில் ஒரு பிடி துவரம்பருப்பை முடிந்துகொண்டு போவார். காடு கரை, மாடு கன்று எல்லாம் விசாரித்து முடித்ததும், "இதைச் செத்த உங்க கிணத்துத் தண்ணியில வேக வையுங்கம்மா" என்று அந்த வீட்டுப் பெண்களிடம் நீட்டுவார். எங்கள் பக்கம் அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். திண்டுக்கல் சமவெளியில் கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் மாறும். உப்புத் தண்ணீராக இருந்தால் பொழுதெல்லாம் கொதித்தாலும் பருப்பு கல்லாகவே கிடக்கும். முதலில் பார்த்த வீடுகளில் பருப்பு வேகவில்லை. அப்பா காபியைக் குடித்துவிட்டு, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார். பிறகு ஒரு வீட்டில் பூவாக மலர்ந்தது. அந்த வீட்டுக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டேன்.

கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், என் படிப்பு அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே என் வீட்டுக்காரரோடு சேர்ந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை நடத்தினேன். முருங்கையும் தக்காளியும் எங்கள் கடையிலிருந்து கேரளாவுக்கு லாரி லாரியாகப் போயின. அவர் இறந்த பிறகு கடையைப் பூட்டிவிடுவேன் என்று சுற்றி இருந்தவர்கள் காத்திருந்தார்கள். நான் மறுவாரமே அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அதற்குள் வீடு திண்டுக்கல் டவுனுக்கு மாறியிருந்தது. தினமும் விடியுமுன் பஸ் ஏறி, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புவேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, என் மகன் ஆஸ்திரேலியா பேச்சை எடுத்தான். மதுரையில் ஒரு ஏஜெண்டைப் பார்த்து வந்திருந்தான். முதலீட்டாளர் விசா என்று ஒன்று இருக்கிறதாம். அந்த நாட்டில் பணம் போட்டுத் தொழில் நடத்தினால் குடும்பத்தோடு இருக்கலாம். தொழில் நிலைத்துவிட்டால் அங்கேயே தங்கிவிடலாம். பெரிய நகரம் என்றால் சட்டம் கறாராக இருக்கும், சின்ன ஊர் என்றால் கொஞ்சம் இளகும். எந்த ஊர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

"எந்த ஊரும்மா போகலாம்?" என்று கேட்டான், ஏதோ பழனிக்கா கொடைக்கானலுக்கா என்பது போல.

பணம் என்றால் கடையை விற்றுத்தான். கடை என் பேரில் இருந்தது. நான் ஒன்றே ஒன்று சொன்னேன். "நீ, நான், உன் பொண்டாட்டி மூணு பேரும் போய்ப் பாப்போம். மூணு பேரும் ஒரே ஊரைச் சொன்னாத்தான் கடையை விப்பேன். ஒருத்தர் மாத்திச் சொன்னாலும் கிடையாது."

"பாத்துட்டு வரவே எம்புட்டுச் செலவாகும் தெரியுமா?"

"பொண்ணைப் பாக்காமத் தாலி கட்டுவியாக்கும்?"

பேத்தியை ஆயக்குடிக் கொய்யாத் தோப்பில், என் மருமகளின் தாய்வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். எரியோடு சந்தையில் வாங்கிய துவரையை நானே உடைத்துப் புடைத்து ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டேன். அங்கே கடையிலேயே பருப்பு கிடைக்கும் என்றான் மகன். தெரியாத பருப்பை வைத்துத் தெரியாத தண்ணீரை எப்படிச் சோதிப்பது? விமான நிலையத்தில் ஓர் அதிகாரி பொட்டலத்தைப் பிரித்து, கையில் கொட்டி, முகர்ந்து பார்த்தார். எதற்கு என்று கேட்டார். மகனுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "தண்ணி பாக்கன்னு சொல்லுடா" என்றேன். அவன் என்ன சொன்னானோ, அவர் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முதலில் போனது கடலோரத்துப் பெரிய நகரம். அந்த ஊர்ப் பேர்கள் என் வாய்க்கு வசப்படாததால், எனக்கு அது கடலூர் அல்லாத கடல் ஊர். சமையல்கட்டோடு கூடிய விடுதியில் தங்கினோம். மருமகள் பருப்பை வைத்தாள். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். நன்றாக வெந்தது. விடியற்காலையில் மகன் மொத்த மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனான். லாரியும் கூச்சலும், தரையெல்லாம் முட்டைக்கோஸ் இலையுமாக இருந்தது. பாஷை மட்டும்தான் வேறு. திரும்பி வந்தால் மருமகளைக் காணவில்லை. துணி துவைக்கும் மெஷின் இருந்த அறையில் ஒரு தெலுங்குக்காரப் பெண்ணோடும் ஒரு சீனாக்காரப் பெண்ணோடும் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். துணி எப்போதோ துவைத்து முடிந்திருந்தது.

இரண்டாவது ஊரில் பருப்பு வெந்தது, நாங்கள்தான் வேகவில்லை. அப்படி ஒரு குளிர்காற்று. ஸ்வெட்டரோடு படுத்து ஸ்வெட்டரோடு எழுந்தோம். அதைப் பற்றி அப்புறம் யாரும் பேசவே இல்லை.

மூன்றாவது, திராட்சை ஊர். கண்ணுக்கு எட்டிய மட்டும் பந்தலும் கொடியும். காய்கறிப் பண்ணையோடு ஒரு பேக்கிங் கொட்டகை விலைக்கு வந்திருந்தது. அதன் சொந்தக்காரர் என்னைவிட மூத்த மனிதர். நகத்துக்குள் மண். என் கையைக் குலுக்கியவர், நான் ஒரு தக்காளியை எடுத்துக் காம்பைத் திருகிப் பார்த்ததும், வேறு யாரிடமும் பேசவில்லை. என்னையே கொட்டகை முழுக்க அழைத்துக்கொண்டு போனார். அவர் இங்கிலீஷில் பேச, நான் தமிழில் பேச, விலை வரைக்கும் வந்துவிட்டோம். எனக்குப் பெருமைதான்.

அன்று மாலை அங்கேயும் பருப்பு மலர்ந்துவிட்டது. மகன் கரண்டியில் எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஏம்மா, மூணு மாப்பிள்ளையும் பாஸாயிட்டாங்க. இப்ப யாருக்குப் பொண்ணைக் குடுக்கப்போற?"

எனக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை தூரம் சுமந்துகொண்டு வந்த பருப்பு ஒன்றும் சொல்லாமல் வெந்துவிட்டதே.

"எனக்கு இந்த ஊருதான். சட்டமும் இளகுது, தொழிலும் தெரிஞ்ச தொழிலு" என்றான். என் நாக்கு நுனியிலும் அந்த ஊர்தான் நின்றது. மகன் மருமகளைப் பார்த்தான்.

"அத்தைக்கு எதுங்களோ, அதேதானுங்க எனக்கும்" என்றாள் அவள்.

"அவளுக்கென்னம்மா, கொய்யாத் தோப்புக்காரி. திராட்சைத் தோப்புன்னா கசக்கவா போகுது? அம்புட்டுதான், முடிஞ்சுபோச்சு."

மருமகள் வெந்துபோன பருப்பை இன்னும் கிண்டிக்கொண்டே இருந்தாள். கண் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. வெளியே ஒரு நீளமான ரோடு. நாங்கள் வந்ததிலிருந்து அதில் ஒரு ஆளும் நடந்து போகவில்லை.

"ஏத்தா, அடுப்பை அணைச்சிட்டு இங்க வா" என்றேன். "எங்கப்பா ஊர் ஊராப் பருப்பைக் கொண்டு போனது அவரு தின்னவா? அந்த வீட்டுல நின்னு வேக வைக்கப்போறது நான்னுதானே? இந்த மூணு ஊர்லயும் அடுப்புக்கு முன்னால நின்னது நீ. நாங்க ரெண்டு பேரும் மார்க்கெட்டு, கொட்டகைன்னு போயிருவோம். நீ சொல்லு. எனக்காகச் சொன்னா அது கணக்குல வராது."

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சொன்னா கோவிக்கக் கூடாதுங்க. தோப்புக்குள்ள பொறந்தவளுங்க நான். பக்கத்து வீட்டு வெளக்கப் பாக்கோணும்னா மரத்து மேல ஏறோணும். பேச்சுத்தொணைக்குக் கிளியும் அணிலுந்தானுங்க. திண்டுக்கல்லுக்கு வாக்கப்பட்டு வந்துதான் சன்னலத் தொறந்தா ஆள் சத்தம் கேட்டுது. தண்ணி வண்டி வந்தா கொடத்தத் தூக்கிட்டு ஓடி, சண்டை புடிச்சு, அப்புறம் அதே பொம்பளைங்களோட சிரிச்சுட்டு வாரது இருக்குதே, அதுகூட எனக்குப் புடிச்சுதுங்க அத்தை. மறுக்காவும் ஒரு தோப்புக்கா போகோணும்?"

மகன் அவள் பக்கம் திரும்பினான். "இதை ஏன் இம்புட்டு நாளாச் சொல்லல?"

"நீங்க எங்கீங்க கேட்டீங்க? கொய்யாக்காரின்னு கேலிதானே பண்ணுனீங்க."

எனக்கு வந்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. உப்புத் தண்ணீர் டவுன் என்று ஊரே எங்கள் திண்டுக்கல்லைப் பேசும். போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகாது, குழாயில் நல்ல தண்ணீர் வரும் நாள்தான் எங்களுக்குத் திருநாள். அந்த ஊரை அந்தத் தண்ணீர்ச் சண்டைக்காகவே ஒருத்தி விரும்பியிருக்கிறாள்.

"அந்த மெஷின் ரூம்ல ஆளோட ஆளாப் பேசிட்டு நின்னியே, அந்தக் கடல் ஊரு" என்றேன். "ரெண்டு பேரு ஆச்சு. இப்ப நீ சொல்லுடா."

"அங்க சட்டம் கறார்மா. தொழிலும் பெரிசா இருக்கணும்."

"கறாரா இருந்தா நாமளும் கறாரா நிப்போம். அங்க மொத்த மார்க்கெட்டு இருக்குல்ல? உங்கப்பா ஒட்டன்சத்திரத்துல கடை போடும்போது அவருக்கு மட்டும் எல்லாம் இளக்கமா இருந்துச்சு?"

அவன் பருப்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தான். "சரி, கடல் ஊரு. தட்டை எடு, பசிக்குது" என்றான். அன்றைக்கு வெஞ்சனம் ஒன்றும் இல்லை. சோறும் பருப்பும் ஊறுகாயும்தான். மருமகள் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டாள்.

ஊருக்குத் திரும்பியதும் கடையைப் பக்கத்துக் கடைக்காரருக்கே கொடுத்தேன். விசா வருவதற்குள் மகனுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது, ஆனால் வந்தது. மொத்த மார்க்கெட்டில் ஒரு கடை எடுத்தான். வெண்டைக்காயும் முருங்கைக்காயும் அங்கே அவன் கையால்தான் நம் ஆட்களின் கடைகளுக்குப் போகின்றன. திராட்சை ஊர்ப் பெரியவரின் கொட்டகையிலிருந்துகூட அவனுக்குச் சரக்கு வருகிறது. நான் திண்டுக்கல் வெயில் ஏறும்போது அங்கே போகிறேன், அங்கே குளிர் இறுகும்போது திரும்பி வருகிறேன். இரண்டு இடத்திலும் எனக்கு ஒரு கட்டிலும் ஒரு டம்ளரும் இருக்கின்றன.

போன தடவை ஒரு மதியம் படுத்திருந்தேன். தீய்ந்த வாசனை மூக்கில் ஏறியது. எழுந்து போய்ப் பார்த்தால் அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருந்தது. மருமகள் பால்கனியில் நின்று கீழ்வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். சிரிப்புச் சத்தம் உள்ளே வரை கேட்டது. நான் அடுப்பை அணைத்துவிட்டு, கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஓடி வந்தவள் சட்டியைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். "ஐயோ, பருப்பு தீஞ்சுபோச்சுங்களே அத்தை!"

"அடியில உள்ளதுதான் தீஞ்சுது. மேலாப்புல எடுத்துப் போடு" என்றேன்.

தீய்ந்த வாசனையோடுதான் இருந்தது. இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.